டன்வேகன் கோட்டை: குலத்தலைவர் ஜமீன்தாரான கதை

டன்வேகன் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு துணியைப் பார்க்கத்தான் போகிறார்கள். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய பட்டுத் துணி அது. ‘தேவதைக் கொடி’ என்று பெயர். நைந்து, பழுப்பேறி, ஓரமெல்லாம் கிழிந்து கிடக்கும் அந்தத் துணிக்கு இருக்கும் புகழ் ஸ்காட்லாந்தின் பல பெரிய கோட்டைகளுக்குக்கூட இல்லை. அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டையில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வாசல்தான். 1748 வரை அங்கே கடலைப் பார்த்த வாசல் ஒன்று மட்டுமே இருந்தது. படகில் வந்து, பாறையில் இறங்கி, குறுகலான படிகளில் ஏறினால்தான் உள்ளே போக முடியும். நிலத்துப் பக்கம் வழி திறந்தது அதற்குப் பிறகு. அந்த ஆண்டையொட்டி என்னென்ன மாறியது என்று தெரிந்துகொண்டு போனால், உள்ளே மாட்டியிருக்கும் படங்களும் பண்டங்களும் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் சிதறிக் கிடக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்று ஸ்கை. அதன் வடமேற்கு மூலையில், கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் இடத்தில், ஒரு பாறையின் மேல் கோட்டை நிற்கிறது. மக்ளவுட் குலத்தின் தலைமை வீடு இது. ஏறக்குறைய 800 ஆண்டுகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இடைவிடாமல் ஆள் குடியிருந்துவரும் மிகப் பழைய கோட்டை இதுதான் என்று அந்தக் குடும்பம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மூச்சில் கட்டியதுபோல் இருக்கும். அது 1840களில் செய்த ஒப்பனை. எடின்பரோ கட்டடக் கலைஞர் ராபர்ட் பிரவுனை வைத்து மேலே கொத்தளங்களும் மூலைகளில் சிறு கோபுரங்களும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருப்பது பல காலத்துக் கட்டடங்களின் தொகுப்பு. பாறையைச் சுற்றிய மதில் 13ஆம் நூற்றாண்டு. பெரிய கற்கோபுரம் 14ஆம் நூற்றாண்டு. ‘தேவதைக் கோபுரம்’ 1500 வாக்கில் வந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மேலும் பல கூடங்கள் சேர்ந்தன.

படகில் வந்த அதிகாரம்

குலத்தின் மூலவர் லியோட் என்பவர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மான் தீவையும் ஹெப்ரிடீஸையும் ஆண்ட நார்ஸ் அரசன் கறுப்பு ஓலாஃபின் மகன் என்று குல மரபு சொல்கிறது. அந்தக் காலத்தில் இந்தத் தீவுகள் ஸ்காட்லாந்து மன்னருக்குச் சொந்தமே இல்லை, நார்வேயின் பிடியில் இருந்தன. 1263இல் லார்க்ஸ் போர் நடந்தது. 1266இல் பெர்த் உடன்படிக்கையின்படி தீவுகள் ஸ்காட்லாந்துக்குக் கைமாறின. லியோட்டின் மகன்கள் வழியில் குலம் இரண்டாகப் பிரிந்தது. டோர்மோட் வழியினர் டன்வேகனையும் ஹாரிஸ் தீவையும் ஆண்டார்கள், டார்குவில் வழியினர் லூயிஸ் தீவை.

கடல் வாசலின் காரணம் இங்கே இருக்கிறது. தீவுகளில் சாலை கிடையாது. போரோ, திருமணமோ, வரிவசூலோ, எல்லாமே துடுப்பும் பாயும் கொண்ட போர்ப்படகில்தான். குலத்தலைவரின் நிலத்தைப் பெரும்பாலும் அவருடைய உறவினர்களே குத்தகைக்கு எடுத்து, கீழே இருந்த குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நிலத்துக்காகக் கொடுக்கும் வாரம் பெரும்பாலும் பொருளாக வரும்: ஓட்ஸ் மாவு, வெண்ணெய், பாலாடைக்கட்டி, மாடு. மக்ளவுட் ஆட்சிக்கு உட்பட்டிருந்த செயின்ட் கில்டா என்ற தொலைதூரத் தீவிலிருந்து கடற்பறவை இறகுகூட வாரமாக வந்தது. தலைவரின் காரியஸ்தர் ஆண்டுக்கு ஒருமுறை தன் பரிவாரத்தோடு அங்கே போய், தீவுக்காரர்கள் போட்ட சோற்றைத் தின்று, வாரத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

இதற்கெல்லாம் பதிலாகத் தலைவர் என்ன கொடுத்தார்? பாதுகாப்பு, வழக்குத் தீர்ப்பு, பஞ்ச காலத்தில் தானியம், கூடத்தில் விருந்து. அதோடு எழுதப்படாத ஒரு நம்பிக்கையும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு நிலத்தில் உழுது, தலைவர் கூப்பிட்டபோதெல்லாம் வாளெடுத்துப் போன குடும்பத்தை அந்த நிலத்திலிருந்து யாரும் எழுப்ப முடியாது என்று மக்கள் நம்பினார்கள். பத்திரம் எதுவும் இல்லை. பட்டயம் தலைவர் பெயரில்தான் இருந்தது. மக்கள் நம்பியதற்கும் தாளில் எழுதியிருந்ததற்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியால் முதலில் யாருக்கும் தொந்தரவு வரவில்லை. ஆனால் பிற்காலத்துத் துன்பமெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

அந்தப் பழைய காலத்தை அழகான காலம் என்று நினைத்துவிடக் கூடாது. 14ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தில், இன்று வரவேற்பறையாக இருக்கும் அறைக்குப் பக்கத்திலேயே, பாதாளச் சிறை இருக்கிறது. தரையில் ஒரு துளை, அதற்குக் கீழே கல்லில் குடைந்த குழி. ஆளை மேலிருந்து இறக்கிவிட்டால் ஏறிவரப் படி கிடையாது. சமையலறையின் வாசனை உள்ளே போகும்படி ஒரு சிறு துவாரம் விட்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். பட்டினியில் கிடப்பவனுக்கு இறைச்சி வேகும் வாசனை மட்டும் போய்ச் சேரும். விருந்து நடக்கும் கூடமும் இந்தக் குழியும் சில அடி தூரத்தில் இருந்திருக்கின்றன. ‘தலைவர் தன் குலத்துக்குத் தகப்பன்’ என்று பாடியவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் பாடினார்கள்.

அண்டைக் குலங்களோடு நடந்த சண்டைகள் இன்னும் கொடூரம். மெக்டொனால்ட் குலத்தோடு இருந்த பகையில், 1577 வாக்கில் எய்க் தீவில் ஒரு குகைக்குள் ஒளிந்திருந்தவர்களை மக்ளவுட்கள் வாயிலில் தீ மூட்டிப் புகையில் கொன்றார்கள் என்பது வரலாறு. இறந்தவர்கள் கிட்டத்தட்ட 400 பேர் என்று அந்த நூற்றாண்டின் அறிக்கை ஒன்று சொல்கிறது. எண்ணிக்கையைப் பற்றியும் ஆண்டைப் பற்றியும் ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில்கூட அந்தக் குகைக்குள் மனித எலும்புகள் கிடந்தன. அடுத்து மெக்டொனால்ட்கள் ஸ்கையின் ட்ரம்பன் தேவாலயத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்ளவுட்களைக் கதவடைத்து எரித்தார்கள். செய்தி கேட்டுப் படகில் பாய்ந்து வந்த மக்ளவுட்கள், கொளுத்திவிட்டுத் திரும்பியவர்களைக் கடற்கரையிலேயே வெட்டி, பிணங்கள்மேல் கல்வேலியைச் சரித்து மூடினார்கள். அந்தச் சண்டையில்தான் தேவதைக் கொடி கடைசியாக விரிக்கப்பட்டது என்று சொல்கிறார்கள்.

பட்டுத் துணி

கொடியின் கதை பல வடிவங்களில் உலவுகிறது. ஒரு குலத்தலைவர் தேவதை ஒருத்தியை மணந்தார், அவள் தன் உலகத்துக்குத் திரும்ப வேண்டிய நாளில் ஒரு பாலத்தில் நின்று இந்தத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்பது அவற்றில் பிரபலமானது. டன்வேகனுக்குச் சில மைல் தூரத்தில் ‘தேவதைப் பாலம்’ இன்றும் இருக்கிறது. பெரும் ஆபத்தில் மூன்று முறை மட்டும் இதை விரிக்கலாம், இரண்டு முறை முடிந்துவிட்டது, ஒன்று பாக்கி. இரண்டாம் உலகப் போரில் மக்ளவுட் குலத்துப் படைவீரர்கள் கொடியின் புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வேஸ் என்ற அறிஞர் துணியைச் சோதித்தார். சிரியாவிலோ ரோட்ஸ் தீவிலோ நெய்த பட்டு, மிகப் பழையது, கவனமாக இழையோட்டித் தைத்திருக்கிறார்கள் என்றார். கான்ஸ்டான்டினோப்பிளில் படைத்தொழில் பார்த்த நார்வே மன்னன் ஹரால்ட் ஹார்ட்ராடா கொண்டுவந்த கொடியாக இருக்கலாம் என்று ஊகமும் சொன்னார். அப்போதைய தலைவர் சர் ரெஜினால்ட், ‘நீங்கள் அப்படி நம்பலாம், எனக்குத் தெரியும், இது என் முன்னோருக்குத் தேவதைகள் கொடுத்தது’ என்றாராம். வேஸ் தலைவணங்கி, உங்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்று ஒத்துக்கொண்டாராம்.

எனக்கு அந்த ஆய்வே கதையைவிடப் பெரிய அதிசயமாக இருக்கிறது. அட்லாண்டிக் ஓரத்தில், மழையும் காற்றும் ஓயாத ஒரு பாறைக்கு, மத்தியதரைக் கடலின் கீழ்க்கோடியில் நெய்த பட்டு வந்து சேர்ந்திருக்கிறது. வந்த பிறகு யாரோ தலைமுறைக்குத் தலைமுறை அதன் கிழிசலைத் தைத்துத் தைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். கடல் வாசல் எவ்வளவு தூரத்து உலகத்தைப் பார்த்துத் திறந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தெற்கிலிருந்து வந்த கட்டளை

கோட்டையில் இருக்கும் இன்னொரு புகழ்பெற்ற பொருள் ரோரி மோரின் கொம்பு. மாட்டுக் கொம்பில் வெள்ளிப் பூண் போட்ட குடிகலம். ஏறக்குறைய ஒன்றரை பாட்டில் சிவப்பு ஒயின் பிடிக்கும். புதிதாகத் தலைமைக்கு வருபவர் அதைக் கீழே வைக்காமல், தானும் கீழே விழாமல் குடித்து முடிக்க வேண்டும். 1965இல் ஜான் மக்ளவுட் 1 நிமிடம் 57 நொடியில் முடித்தார்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இது வேடிக்கையான செய்தி. ஆனால் அந்த ரோரி மோர் மக்ளவுட் குலத்தலைவராக இருந்த காலத்தில்தான் முதல் பெரிய மாற்றம் தொடங்கியது. 1609இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் அரசு, தீவுத் தலைவர்களை ஐயோனா சட்டங்கள் எனப்படும் விதிகளுக்குக் கட்டுப்பட வைத்தது. ஒப்புக்கொண்டவர்களில் ரோரி மோரும் ஒருவர். விதிகளைப் படித்தால் ஒரு சமூகத்தைத் தலையிலிருந்து மாற்றும் திட்டம் தெளிவாகத் தெரிகிறது. தலைவர்கள் தங்கள் மூத்த பிள்ளைகளைத் தாழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பி ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்பிக்க வேண்டும். ஒயின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. தீவு மக்களின் தாய்மொழியான கேலிக்கில் பாடும் பாணர்களுக்கு ஆதரவு கூடாது. அப்புறம், தலைவர்கள் அரசின் முன் வந்து நின்று கணக்குச் சொல்ல எடின்பரோவுக்குப் போய்வர வேண்டிய நிலையும் வந்தது.

எடின்பரோவுக்குப் போனால் வீடு வேண்டும், உடை வேண்டும், அங்கே உள்ள பிரபுக்களுக்குச் சமமாகச் செலவழிக்க வேண்டும். மாவையும் வெண்ணெயையும் கொண்டு அந்தச் செலவைச் செய்ய முடியாது. பணம் வேண்டும். பணத்துக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டி கட்ட அதிக வாரம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டன்வேகனில் ரோரி டால் என்ற பார்வையற்ற ஹார்ப் கலைஞர் இருந்தார். பழைய தலைவர் இயன் பிரேக் இறந்து, அவர் மகன் தெற்கிலேயே தங்கிவிட்டபோது ரோரி டால் பாடினார். இசை நின்றுபோன கூடத்திலிருந்து எதிரொலியும் வெளியேறிவிட்டது என்றும், தலைவர் கடனுக்கு வாங்கும் பகட்டான உடைகளுக்கு வாரத்தை உயர்த்துகிறார் என்றும் அந்தப் பாட்டில் குமுறினார். கேலிக் மக்கள் தங்கள் தலைவர்மேல் வைத்த முதல் குற்றச்சாட்டுகளில் இது ஒன்று. அதை வைத்தவர் அந்த வீட்டு உப்பைத் தின்றவர்.

1739 முதல் 1748 வரை

இந்தக் கோட்டையின் வரலாற்றில் மிக நெருக்கிப் பார்க்க வேண்டிய பத்தாண்டு இது. அப்போதைய தலைவர் 22ஆவது மக்ளவுட், நார்மன். ‘கெட்ட மனிதர்’ என்றே கேலிக்கில் பெயர் வாங்கியவர்.

1739இல் ‘வில்லியம்’ என்ற கப்பல் ஸ்கையிலும் ஹாரிஸிலும் இருந்து சுமார் 100 ஆண், பெண், குழந்தைகளைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனது. அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒப்பந்தக் கூலிகளாக விற்பதுதான் திட்டம். முன்னின்று செய்தவர் தலைவரின் உறவினரான, பெர்னரே தீவைச் சேர்ந்த இன்னொரு நார்மன் மக்ளவுட். டன்வேகன் தலைவருக்கும் ஸ்கையின் தெற்கில் ஸ்லீட் பகுதியின் தலைவரான மெக்டொனால்டுக்கும் இதில் கை இருந்தது என்று அன்றே பரவலாகப் பேசப்பட்டது. கப்பல் வடக்கு அயர்லாந்தின் டொனகாடீ துறைமுகத்தில் நின்றபோது, கரையில் கொட்டகைகளில் அடைத்து வைத்திருந்த மக்கள் தப்பி ஓடினார்கள். அங்குள்ள நீதிபதிகள் விசாரித்து அவர்களை விடுவித்தார்கள். அதனால்தான் இது வெளியே வந்தது. இரு தலைவர்கள்மேலும் வழக்கு எதுவும் வரவில்லை.

1745இல் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் தன் குடும்பம் இழந்த பிரிட்டிஷ் அரியணையை மீட்க ஸ்காட்லாந்தில் இறங்கியபோது, மக்ளவுட் தலைவர் அவருடன் சேரவில்லை. அரசுப் பக்கம் படை திரட்டினார். 1739 விவகாரம் அரசின் கையில் பிடியாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். மக்ளவுட் படை 1745 டிசம்பரில் இன்வெரூரியில் தோற்றது. அந்தக் குலத்தின் பரம்பரை பேக்பைப் இசைக்கலைஞரான டொனால்ட் பான் மக்ரிம்மன் அங்கே பிடிபட்டார். எதிரணியின் இசைக்கலைஞர்கள், அவரை விடுவிக்கும் வரை வாசிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மலைநாட்டு இசைக்காரர்கள் எல்லாருக்கும் மக்ரிம்மன் குடும்பம் அப்படி ஒரு குரு பீடம். விடுதலையானவர் 1746 பிப்ரவரியில் மோய் அருகே நடந்த சிறு மோதலில் குண்டு பட்டு இறந்தார். ஒரு குலத்தின் பல தலைமுறை இசையைச் சுமந்த மனிதர், அவருக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கு ஒன்றுக்காக இருட்டில் செத்துப்போனார்.

1746 ஏப்ரல் 16இல் கல்லோடன் களத்தில் இளவரசரின் படை அழிந்தது. அடுத்து வந்த சட்டங்கள் எதிர்த்தவர், ஆதரித்தவர் என்று பார்க்கவில்லை. குலத்தலைவர்கள் வழக்கு விசாரித்துத் தண்டிக்கும் பரம்பரை உரிமை ரத்தானது. ஆயுதம் வைத்திருக்கத் தடை, கட்டம்போட்ட டார்ட்டன் துணி அணியத் தடை. இந்தத் துணித் தடை 1747இல் அமலுக்கு வந்தது. அதே சமயம்தான் ஓவியர் ஆலன் ராம்ஸே இந்த நார்மனை முழு உருவமாக வரைந்தார். அந்தப் படம் டன்வேகனில் இருக்கிறது. உடல் முழுக்கச் சிவப்பும் கறுப்புமான டார்ட்டன், கிரேக்கச் சிலையின் நிற்கும் பாங்கு, பின்னால் மங்கலான கடற்கரை. சாதாரணக் குடியானவன் அந்தத் துணியைப் போட்டால் சிறை. தலைவர் தன்னை அதில் வரைந்து மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு, 1748இல், நிலத்துப் பக்கம் வாசல் திறந்தது. இனிமேல் படகில் எதிரி வரப்போவதில்லை. தலைவருக்கு வாளெடுத்து வரும் ஆட்கள் தேவையில்லை. ஆட்களின் எண்ணிக்கையே பலமாக இருந்த காலம் போய், ஏக்கருக்கு எவ்வளவு பணம் வரும் என்ற கேள்வி வந்தது. நம் ஊர் ஜமீன்தார்போல் ஒருவர் உருவானார்: நிலம் முழுக்கத் தன் பெயரில், வசூலுக்குக் காரியஸ்தர், தான் இருப்பது நகரத்தில்.

கடன், ஆடு, உருளைக்கிழங்கு

நார்மன் 1772இல் இறந்தபோது விட்டுச்சென்ற கடன் சுமார் 50,000 பவுண்டு. அன்றைய கணக்கில் பயங்கரமான தொகை. வாரிசாக வந்த பேரனுக்கு வயது 18. அவர் பெயரும் நார்மன். மறு ஆண்டு டன்வேகனில் விருந்தாளியாகத் தங்கிய ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன், இந்தத் தீவுகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவதைக் கவலையோடு குறித்தார். தலைவர்கள் குலத்தைக் காத்த நிலையிலிருந்து வாரம் கறக்கும் நிலச்சொந்தக்காரர்களாகச் சரிந்து வருகிறார்கள் என்றும் எழுதினார்.

இளம் தலைவர் 1779இல் ஹாரிஸ் தீவை 15,000 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் கேப்டனாக இருந்து பணம் சேர்த்த அலெக்சாண்டர் மக்ளவுட். குலத்தின் பூர்வீகத் தீவை இந்திய வணிகப் பணம் வாங்கியது. விற்றவரும் பணம் தேடி இந்தியாவுக்கே வந்தார், படை அதிகாரியாக. 1782இல் மலபாரின் பொன்னானியில் திப்பு சுல்தானின் தாக்குதலை எதிர்கொண்ட படைக்குத் தலைமை தாங்கியவர் இந்த டன்வேகன் மக்ளவுட்தான். அங்கிருந்து திரும்பிய பிறகு கோட்டையைப் புதுப்பித்தார், நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். கடன் மட்டும் தீரவில்லை.

19ஆம் நூற்றாண்டில் பணம் ஆட்டில் இருந்தது. பல குடும்பங்கள் பிழைத்த பள்ளத்தாக்கை ஒரே ஆட்டுப் பண்ணையாக்கி ஒரு பெரிய குத்தகைதாரரிடம் கொடுத்தால், கூடுதல் தொகை ஒரே கையால் வந்துவிடும். மக்ளவுட் நிலத்தில் பிராக்கடேல் பகுதி இப்படித்தான் காலியானது. விஸ்கி விரும்பிகளுக்குத் தெரிந்த டாலிஸ்கர் என்ற பெயரும் இந்தக் கதைக்குள் வருகிறது. 1830இல் அந்தச் சாராய ஆலையைத் தொடங்கிய மெக்காஸ்கில் சகோதரர்கள், மக்ளவுடிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குடியானவர்களை வெளியேற்றி ஆடு வளர்த்தவர்கள். எழுப்பப்பட்டவர்கள் கடலோரத்தின் கல்லும் சதுப்புமான துண்டு நிலங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். அந்தத் துண்டில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் பயிர் ஒன்றே ஒன்று, உருளைக்கிழங்கு.

1840களில் 25ஆவது தலைவர் நார்மன் கோட்டைக்குக் கொத்தளம் கட்டிக்கொண்டிருந்தபோது, 1846இல் அந்த உருளைக்கிழங்கு அழுகியது. அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பல நிலச்சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரத்தில், இவர் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தானியம் வாங்கிப் போட்டார். அதில் திவாலும் ஆனார். கோட்டையை வாடகைக்கு விட்டுவிட்டு லண்டனுக்குப் போய் உள்துறை அலுவலகத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் காப்பாற்ற முயன்ற மக்களை அந்தக் கடலோரத்துக்குத் தள்ளியது அவருக்கு முந்தைய தலைமுறையின் நிலக்கணக்குதான். ஒருவர் கருணையால் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

பஞ்சத்துக்குப் பிறகு மக்களைக் கப்பலேற்றுவதுதான் தீர்வு என்று முடிவானது. 1852 முதல் ஆயிரக்கணக்கான மலைநாட்டு, தீவு மக்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய சங்கத்தை நடத்தியவர் சர் சார்ல்ஸ் டிரெவெலியன். சில ஆண்டுகள் கழித்து, 1859இல், சென்னை மாகாண ஆளுநராக வந்தவரும் அவரே.

க்ளெண்டேலின் பதில்

டன்வேகனிலிருந்து கடல் நுழைவின் மறுகரையில் இருக்கிறது க்ளெண்டேல். ஒருகாலத்தில் மக்ளவுட் தலைவரின் நிலம். பஞ்சக் கடனில் அதை விற்க, சர் ஜான் மெக்பர்சன் மக்ளவுட் வாங்கினார். இவர் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் பணியாற்றியவர். மெக்காலே தலைமையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த குழுவிலும் உறுப்பினர். அவர் 1881இல் இறந்த பிறகு எஸ்டேட் அறங்காவலர்கள் கைக்குப் போனது. 1882இல் காரியஸ்தர் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: கரையொதுங்கும் மரத்துண்டுகளைத் தேடி யாரும் எஸ்டேட் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. மரமே வளராத கரையில் கூரைக்கும் படகுக்கும் மக்களுக்குக் கிடைத்த மரம் அதுதான்.

க்ளெண்டேல் மக்கள் தங்களுக்கு மறுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை ஓட்டிவிட்டார்கள். தடுக்க வந்த போலீஸாரை விரட்டியடித்தார்கள். 1883 தொடக்கத்தில் அரசு ஒரு போர்க்கப்பலிலேயே ஆள் அனுப்பிப் பேச வேண்டியதாயிற்று. முன்னின்ற ஜான் மெக்பர்சன் என்ற விவசாயி எடின்பரோவில் இரண்டு மாதம் சிறையிலிருந்தார். ஊர் திரும்பியபோது தியாகியாக வரவேற்கப்பட்டார்.

அதே ஆண்டு அரசு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநர், கூவத்தின் மேல் நேப்பியர் பாலம் கட்டியவர். குழு 1883 மே மாதம் ஸ்கையின் பிரேஸ் கிராமத்தில் முதல் அமர்வை நடத்தியது. முதல் சாட்சியாக வந்த ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற விவசாயி, உண்மையைச் சொன்னால் என்னை நிலத்திலிருந்து எழுப்ப மாட்டார்கள் என்று முதலில் உறுதி கொடுங்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி அதிகாரபூர்வப் பதிவில் அப்படியே இருக்கிறது. அந்த நிலச் சமூகத்தைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்க அதிகம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தீவு தீவாக நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். 1886இல் சட்டம் வந்தது. வாரம் ஒழுங்காகக் கட்டும் சிறு குத்தகை விவசாயியை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது. நியாயமான வாரத்தை ஆணையம் நிர்ணயிக்கும். உரிமை பிள்ளைகளுக்குப் போகும். காலம் காலமாக மக்கள் வாய்வழியாக நம்பிவந்தது கடைசியில் தாளில் ஏறியது.

இன்றைய கோட்டை

டன்வேகன் பொதுமக்களுக்குத் திறந்தது 1933இல். 1935இல் தலைமைக்கு வந்த டேம் ஃப்ளோரா மக்ளவுட், உலகெங்கும் கப்பலேறிப் போனவர்களின் சந்ததியைத் தேடிப் போய்ச் சந்தித்து, அவர்களைக் குலத்தின் பெயரால் மீண்டும் அழைத்து வந்தார். எழுப்பி அனுப்பப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து அந்தக் கூடத்தில் நின்று கண்கலங்குவது இதனால்தான். 1938இல் தீ விபத்தில் தெற்குப் பகுதி எரிந்தது. 2000இல், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய 29ஆவது தலைவர் ஜான் மக்ளவுட் ஸ்கையில் உள்ள கூலின் மலைத்தொடரை ஒரு கோடி பவுண்டுக்கு விற்பனைக்கு அறிவித்தார். ஸ்காட்லாந்து முழுக்க எழுந்த கேள்வி ஒன்றுதான்: மலை எப்படி ஒருவருக்குச் சொந்தம்? விற்பனை நடக்கவில்லை. கூரை வேறு வழியில் சரியானது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். இன்வெர்னஸிலிருந்து மேற்கே கைல் ஆஃப் லொகால்ஷ் வரை வந்தால், 1995இல் திறந்த பாலம் வழியாக ஸ்கைக்குக் காரிலேயே போகலாம். தீவின் பெரிய ஊரான போர்ட்ரீயிலிருந்து டன்வேகன் சுமார் 35 கிலோமீட்டர். கோட்டை பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் போய் ஏமாற வேண்டாம். கீழே துறையிலிருந்து சீல்களைப் பார்க்கச் சிறு படகுகள் புறப்படும். கட்டாயம் ஏறுங்கள், கடல் வாசலை அதன் உண்மையான பக்கத்திலிருந்து பார்க்க அதுதான் வழி.

கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை மறுகரைக்கு ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். போரெரெய்கில் மக்ரிம்மன்கள் பைப் இசை கற்பித்த இடத்தில் கற்குவியல் நினைவுச்சின்னம் இருக்கிறது. கோல்போஸ்ட்டில் 19ஆம் நூற்றாண்டு விவசாயி வீடு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். தடித்த கற்சுவர், புல்வேய்ந்த கூரை, நடுத்தரையில் மண்கரி அடுப்பு. க்ளெண்டேல் சாலையோரத்தில், 600 பேர் அரசுப் படையை எதிர்த்து நின்ற இடத்தில் ஒரு கல் நாட்டியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு வாரியம் க்ளெண்டேல் எஸ்டேட்டை வாங்கி, 50 ஆண்டுத் தவணையில் அங்கிருந்த விவசாயிகளுக்கே விற்றது. சாலை ஒற்றைத் தடம்தான், எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.